சண்டைக்காரர் இடுப்பில் ஒரு சாண் பட்டு

கல்யாணப் பட்டு எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு வருகிறவர்களின் வேலை புடவையோடு முடிவதில்லை. ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் வேண்டும். கடைத்தெருவில் வெட்டி வாங்கிய அந்தத் துணி, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்துச் சந்துகளில் ஏதோ ஒரு வீட்டின் முன்னறைக்குப் போய்ச் சேரும். மரச் சட்டத்தில் பறைத்தோல் போல விறைப்பாக இழுத்துக் கட்டப்படும். மேலே வலது கை ஆரி ஊசியைப் பிடித்திருக்கும். சட்டத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், இடது கை நூலை ஏந்திக்கொண்டிருக்கும். ஊசி இறங்கும், கொக்கியில் நூலை மாட்டிக்கொண்டு ஏறும், ஒரு கண்ணி விழும். வெளியே ரயில்வே கேட் எப்போது திறக்கும் என்று வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே மாங்காய் வடிவம் ஒன்று கண்ணி கண்ணியாக வளரும்.

இதே வடசென்னைக்கு இன்னொரு கைத்திறனும் உண்டு: குத்துச்சண்டை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து நின்று, தலைமுறை தலைமுறையாக ரோஷத்தோடு மோதிய ஊர் இது. 2021இல் பா. ரஞ்சித்தின் படம் வந்த பிறகு அந்தப் பெயர்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. வடசென்னைக்காரர்களுக்கு அவை தாத்தா காலத்துப் பேச்சு.

ஊசி பிடித்த கையும் கையுறை மாட்டிய கையும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிற ஊர் என்பதால், ஒரு வழக்கம் இங்கே சொன்னால் சட்டென்று புரியும். சண்டைக்குப் போகிறவருக்கு, அவருக்கு வேண்டியவர் ஒரு சிறு பட்டுத் துண்டில் தன் கையால் பூவேலை செய்து கொடுப்பார். அவர் அதை இடுப்புக் கச்சையில் தொங்கவிட்டுக்கொண்டு களத்தில் இறங்குவார். ஐரோப்பாவின் இடைக்காலப் போர்க்கலையை இன்று மீட்டு ஆடிப்பார்க்கும் குழுக்களில் இதற்கு ‘ஃபேவர்’ என்று பெயர். தமிழில் அடையாளப் பட்டு எனலாம்.

பிரம்பு வாளும் பட்டுத் துண்டும்

இப்படிப்பட்ட குழுக்களில் பெரியது அமெரிக்காவில் பிறந்தது. 1966 மே 1 அன்று, கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு வீட்டுப் பின்கட்டில், நண்பர்கள் சிலர் சேர்ந்து இடைக்கால உடையில் ஒரு வாட்போட்டி நடத்தினார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியது, ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்’ என்ற அமைப்பாக வளர்ந்து பல நாடுகளுக்குப் பரவியது. 1600க்கு முந்தைய உலகத்தின் உடை, உணவு, இசை, கைத்தொழில், போர்க்கலை ஆகியவற்றைச் செய்து பார்த்தே கற்றுக்கொள்வது அதன் நோக்கம். அங்கே வாள்சண்டைக்கு எஃகு வாள் கிடையாது. ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத பருமனுள்ள பிரம்புதான் வாள்.

பிரம்பைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் சிலம்பக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மூங்கில் பிளந்தால் சிராய் குத்தும். உள்ளே பொள்ளல் இல்லாத பிரம்பு, அடி வாங்க வாங்க நார் நாராக நைந்து போகுமே தவிர, கூராக உடைந்து எதிராளியைக் கிழிக்காது. தலைக்கவசமும் உடற்கவசமும் அணிந்தவர்கள் முழு வலுவோடு அடித்துக்கொள்வார்கள். அடி சரியாக விழுந்ததா என்பதை நடுவர் சொல்வதில்லை, வாங்கியவரே ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பட்டது’ என்று அவர் சொன்னால்தான் ஆட்டம் முடியும்.

இந்த அமைப்பின் பெரிய போட்டியில் ஒருவர் தனக்காக மட்டும் வாளெடுப்பதில்லை. இன்னாருக்காக இறங்குகிறேன் என்று பெயர் சொல்லித்தான் இறங்குவார். வென்றால், அவரும் அவர் பெயர் சொன்னவரும் சேர்ந்தே அந்த வட்டாரத்தின் அரசனும் அரசியுமாக முடிசூடுவார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தச் சண்டையில் பாதிப் பங்கு உண்டு. அந்தப் பங்குக்கு அடையாளமாகத்தான் பட்டுத் துண்டு இடுப்பில் தொங்குகிறது.

அளவுக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குல அகலம், ஒரு சாண் நீளம். மேல்முனையை மடித்துத் தைத்துக் கச்சை நுழைய ஒரு வளையம் விடுவார்கள். துண்டின் நடுவில் கொடுத்தவரின் சின்னமோ, இருவருக்கும் மட்டுமே அர்த்தம் தெரிந்த ஒரு பூவோ பறவையோ இருக்கும். பெண் ஆணுக்குத்தான் தர வேண்டும் என்பதில்லை. கணவர் மனைவிக்குத் தைத்துத் தருவதும், மகள் அம்மாவுக்குத் தருவதும் உண்டு.

கிழிந்து திரும்பிய சட்டைக் கை

வழக்கம் பழையது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியக் கவிஞர் வோல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக் எழுதிய ‘பார்சிவல்’ காவியத்தில் ஓபிலோட் என்று ஒரு சிறுமி வருகிறாள். காவான் என்ற பெருவீரன் தன் பக்கம் நின்று போரிட வேண்டும் என்று கேட்கிறாள். பெரியவர்கள் செய்வதைப் பார்த்து, தன் புது உடையின் ஒரு கையை அவனுக்கு அடையாளமாக அனுப்புகிறாள். சிறுமிதானே என்று அவன் அதை ஒதுக்கவில்லை, தன் கேடயத்தில் பொருத்திக்கொண்டு போருக்குப் போகிறான். போர் முடிந்து துணி திரும்பி வரும்போது குத்தும் வெட்டும் பட்டுக் கந்தலாகியிருக்கிறது. ஓபிலோட்டுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அந்தக் கந்தலை அப்படியே தன் கையில் மாட்டிக்கொள்கிறாள்.

கதைக்கு வெளியேயும் சான்றுகள் உண்டு. 1465 ஏப்ரலில் இங்கிலாந்து அரசி எலிசபெத் உட்வில்லின் அவையில், அவருடைய தம்பி ஆன்டனி மண்டியிட்டிருந்தபோது பெண்கள் சூழ்ந்துகொண்டு, முத்து பதித்த ஒரு பொன் பட்டையை அவர் தொடையில் கட்டினார்கள். அதில் நினைவுப் பூ என்று ஒரு மலரும் இருந்தது. போட்டிக்கு ஒரு வீரனை அழைக்க வேண்டும் என்பது அதன் பொருள். பர்கண்டி நாட்டு இளவரசர் ஒருவரோடு அந்தப் போட்டி லண்டன் ஸ்மித்ஃபீல்டில் 1467 ஜூனில் நடந்தது. பெண்கள் கட்டிவிட்ட ஒரு பட்டைக்கு இரண்டு வருடம் கழித்து இரண்டு நாடுகள் கூடிப் பதில் சொன்னன.

1559இல் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றி, தன் காதலி டயானா டி புவாட்டியேயின் கறுப்பு வெள்ளை நிறங்களை அணிந்து ஈட்டிப் போட்டியில் இறங்கினார். எதிராளியின் ஈட்டி முறிந்து, சிம்பு கண் வழியே பாய்ந்து, பத்து நாளில் இறந்துபோனார். கட்டிய நிறம் காப்பாற்றும் என்று அந்தக் காலத்திலும் யாரும் சத்தியம் செய்யவில்லை. காப்புக் கயிற்றின் வேலையை யாரும் அதற்குத் தரவில்லை. யாருக்காக நிற்கிறேன் என்று ஊரறியச் சொல்வதுதான் அதன் வேலை.

அடுத்த தலைமுறையில் கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபோர்டு, முதலாம் எலிசபெத் அரசி தந்த கையுறை ஒன்றைத் தொப்பியில் சூடிக்கொண்டு நிற்கிறார். 1590ஐ ஒட்டி நிக்கலஸ் ஹில்லியார்டு வரைந்த அந்தச் சிற்றோவியம் லண்டன் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்து அங்குல உயரமே உள்ள படம். அதற்குள் கையுறை தனியாகத் தெரியும்படி வரைந்திருக்கிறார் ஓவியர்.

நம் பக்கத்துக் கச்சை

போருக்குப் போகிறவனை வீட்டுப் பெண் உடுத்தி அனுப்பும் காட்சி தமிழுக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 279ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முந்தைய போர்களில் தந்தையையும் கணவனையும் இழந்த பெண், மறுபடி போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனைக் கூப்பிடுகிறாள். அவன் குடுமியில் எண்ணெய் தடவி வாருகிறாள், வெள்ளைத் துணியை விரித்து உடுத்துகிறாள், கையில் வேலைக் கொடுத்துப் போகச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் இதை வீரத் தாய் என்ற தலைப்பில் படித்தவர்கள் வேலை மட்டுமே ஞாபகம் வைத்திருப்பார்கள். கொஞ்சம் நிதானித்தால் அந்தத் துணி கண்ணில் படும். வேல் கொல்லனிடமிருந்து வந்தது. உடுத்திவிட்டது அம்மாவின் கை.

துணியைவிடப் பெரிய அடையாளமாக இங்கே பூ இருந்தது. ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, படையெடுத்தால் வஞ்சி, தடுத்தால் காஞ்சி, கோட்டையை முற்றினால் உழிஞை, காத்தால் நொச்சி, நேருக்கு நேர் மோதினால் தும்பை, வென்றால் வாகை. போருக்கு முன் அரசன் வீரர்களுக்குப் பூ வழங்குவதற்குப் பூக்கோள் என்றே பெயர். தூரத்திலிருந்து பார்த்தே யார் எந்தப் பக்கம், எதற்காக வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டாயிரம் வருடம் கழித்தும் தேர்தல் முடிவன்று செய்தித்தாள்கள் ‘வெற்றி வாகை சூடினார்’ என்றே எழுதுகின்றன.

கச்சையும் மொழியில் அப்படியே தங்கிவிட்டது. ஒருவர் துணிந்து இறங்கினால் கச்சை கட்டிக்கொண்டு வந்தார் என்கிறோம், வரிந்து கட்டிக்கொண்டு நின்றார் என்கிறோம். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் பணிசெய்யும் பெண்கள், பல நிற வரிகள் ஓடும் கச்சில் வாளைச் செருகியிருக்கிறார்கள். போர்க்களத்து இடுப்புத் துணியிலும் நிறமும் வேலைப்பாடும் வேண்டும் என்று எண்ணியவர்கள் நம்மவர்கள்.

ஜல்லிக்கட்டில் இந்தத் துணி வழக்கம் தலைகீழாகும். காளையின் கொம்பில் துணியில் முடிந்து கட்டிய சல்லிக் காசுதான் அந்த விளையாட்டுக்குப் பெயரே தந்தது என்பார்கள். வீரனுக்கு முன்கூட்டித் தரும் துணியாக இல்லாமல், அவன் போய் எடுத்து வர வேண்டிய துணி அது.

ஆயிரம் பேர் போட்ட தையல்

இடுப்பில் கட்டும் அடையாளத் துணிக்கு ஆசியாவில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு ஜப்பானின் ‘சென்னின்பாரி’. ஆயிரம் பேர் தையல் என்று பொருள். வெள்ளைத் துணிப் பட்டை ஒன்றில், சிவப்பு நூலால், ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டுத் தருவார்கள். போருக்குப் போகும் சிப்பாய் அதை இடுப்பில் சுற்றிக்கொள்வான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவோடு நடந்த போர்க்காலத்தில் வேர்விட்ட இந்த வழக்கம், 1930களிலும் 40களிலும் நாடெங்கும் பரவியது. அம்மாக்களும் அக்காக்களும் ரயில் நிலைய வாசலிலும் தெருமுனையிலும் துணியை ஏந்தி நின்று, வருகிற போகிற பெண்களிடம் ஒரு முடிச்சுப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார்கள். புலி வருடத்தில் பிறந்தவளுக்குத் தனிச் சலுகை உண்டு. புலி ஆயிரம் காதம் போனாலும் வீடு திரும்பும் என்ற நம்பிக்கையால், அவள் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சுப் போடலாம். சிலர் ஐந்து சென் காசை உள்ளே வைத்துத் தைத்தார்கள். நான்கு சென் என்ற சொல் ஜப்பானிய மொழியில் மரண எல்லை என்றும் ஒலிக்கும். ஐந்து, அதைத் தாண்டியது.

அந்தப் பட்டைகள் பல இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அனுப்பிய போர் எப்படிப்பட்டது என்பதை வரலாறு சொல்லிவிட்டது. தெருமுனையில் துணியேந்தி நின்ற அம்மா கேட்டது பிள்ளை திரும்பி வர வேண்டும் என்பதை மட்டும்தான்.

தாய்லாந்தின் முவே தாய் வீரர்கள் மேற்கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அம்மாவின் துணியிலிருந்து கிழித்த கீற்றைப் போருக்குப் போகும் பிள்ளைகள் கையில் கட்டிக்கொண்டதில் தொடங்கியது என்று அங்கே சொல்வார்கள்.

குத்துச்சண்டை மேடையில் இதன் இடத்தை அங்கி பிடித்துக்கொண்டது. 1973 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் ஜோ பக்னரோடு மோதுவதற்கு முன், பாடகர் எல்விஸ் பிரெஸ்லி முகமது அலிக்குக் கல் பதித்த வெள்ளை அங்கி ஒன்றைப் பரிசாகத் தந்தார். முதுகில் ‘மக்களின் தேர்வு’ என்று ஆங்கிலத்தில் மின்னியது. ஓபிலோட் கொடுத்த சட்டைக் கைக்கும் இதற்கும் எழுநூற்றைம்பது வருட இடைவெளி, அவ்வளவுதான். அதே அலி 1980இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார்.

துணி, நூல், நிறம்

இனி வேலைக்கு வருவோம். ஆரி ஊசி பிடிக்கத் தெரிந்த ஒருவர் அடையாளப் பட்டு ஒன்றைச் செய்ய உட்கார்ந்தால் என்னென்ன கவனிக்க வேண்டும்?

ஜாக்கெட் ஒரு நாள் முகூர்த்தத்துக்கு. இந்தத் துண்டு அடி வாங்கப் போகிறது. வியர்வை, மழை, மண், கவசத்தின் ஓரம், எதிராளியின் பிரம்பு எல்லாம் இதன் மேல் படும். முதல் கேள்வி துணி. நெருக்கமாக நெய்த, வழுக்காத பட்டு நல்லது. பட்டுதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஓரிழையை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு முடி பொசுங்கும் வாடையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாகும். பட்டு தனியாக நிற்காது என்பதால் அடியில் ஒரு பருத்தியோ லினனோ சேர்த்து இரண்டையும் ஒன்றாகச் சட்டத்தில் கட்ட வேண்டும்.

நூலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆரி வேலைக்குச் ‘சில்க் த்ரெட்’ என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ரேயான். பளபளப்பில் குறையில்லை. ஆனால் நனைந்தால் ரேயானின் வலு நன்றாகக் குறைந்துவிடும். வியர்க்கிற இடத்தில் தொங்கும் துணிக்கு அது ஆகாது. முறுக்கு அதிகமில்லாத அசல் பட்டு நூல் தேவை. சிவப்பு, கருநீலம் போன்ற அடர் நிற நூல்களை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, சாயம் இறங்காததை மட்டும் எடுக்க வேண்டும்.

நிறச் சேர்க்கைக்கு ஐரோப்பிய வீரச் சின்னக் கலை ஒரு சுலபமான விதியை வைத்திருக்கிறது. பொன்னும் வெள்ளியும் ஒரு கட்சி. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா இன்னொரு கட்சி. ஒரு கட்சியின் மேல் எதிர்க்கட்சியைத்தான் வைக்க வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளிக் கணக்கில் சேரும். தூரத்திலிருந்து, தூசிக்கு நடுவே, ஒரு கணத்தில் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்கான விதி அது. சிவப்புப் பட்டில் வெள்ளைத் தும்பைப் பூ வைத்தால் ஐரோப்பிய விதிக்கும் பொருந்தும், தமிழ்ப் போர்க்கள வழக்குக்கும் பொருந்தும்.

சாக்குத் தையலும் பிளவுத் தையலும்

வடிவத்தைத் துணிக்கு மாற்றும் முறையைக் கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் பொடிப்பொடியாகக் குத்தி, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சால் தேய்ப்பார்கள். தாளை எடுத்தால் வெள்ளைப் புள்ளிகளாகப் பூ தெரியும். ஐரோப்பியர்களும் இதே போல ஓட்டையிட்ட தாளில் கரிப்பொடி தட்டி வடிவத்தை இறக்கினார்கள். 1400ஐ ஒட்டி ஓவியர்களுக்குக் கையேடு எழுதிய இத்தாலியர் சென்னினோ சென்னினி, பூவேலைக்காரர்களுக்குச் சட்டத்தில் கட்டிய துணியில் கரியால் வரைந்து தருவது எப்படி என்று தனியாகவே விளக்கியிருக்கிறார். பூவேலைக்கு முந்திய கோடு அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரிதான் பிறந்திருக்கிறது.

தையலில்தான் வழி பிரிகிறது. ஆரி ஊசி போடும் சங்கிலிக் கண்ணி வேகமானது, அழகானது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. துறைமுகக் கிடங்குகளில் மூட்டை பிரிப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சாக்கின் வாய்த் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால், முழுத் தையலும் சரசரவென்று ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிடும். கொக்கி ஊசியில் போட்ட கண்ணியும் அதே குடும்பம். முனை பூட்டாமல் விட்டாலோ, நடுவில் ஓரிழை அறுந்தாலோ, வரிசை முழுக்க ஆபத்து. ஜாக்கெட்டில் இது பெரிய விஷயமில்லை. பிரம்பு அடி விழும் துணியில் பெரிய விஷயம். அதோடு, இந்தக் கொக்கி ஊசி கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்ப் பரவியதே 18ஆம் நூற்றாண்டில்தான். இடைக்கால முறையில் நிற்க விரும்புகிறவர் சாதாரண ஊசியைத்தான் எடுக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பூவேலையில் பேர்பெற்றது இங்கிலாந்து. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘சயோன் கோப்’ என்ற மதகுருவின் மேலங்கி இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் முதல் இருபது வருடங்களில் செய்தது. முகமும் விரலும் மடிப்பும் ஓவியம்போலத் தெரியும். அவ்வளவும் பிளவுத் தையல். ஊசியைக் கீழிருந்து ஏற்றும்போது, சற்றுமுன் போட்ட தையலின் நூலையே இரண்டாகப் பிளந்து அதன் நடுவே ஏற்ற வேண்டும். அடுத்த தையல், அதன் நடுவே அடுத்தது. ஒவ்வொரு தையலும் முந்தையதைக் குத்திப் பிடித்திருப்பதால் ஒன்று அறுந்தாலும் மற்றவை உருவி வராது.

தும்பைப் பூவின் ஓர் இதழை எடுத்துக்கொள்வோம். நீளம் அரை அங்குலம் இருக்கலாம். முதலில் வெளிக்கோட்டைப் பிளவுத் தையலால் சுற்ற வேண்டும். தையல் ஒவ்வொன்றும் அரிசியில் பாதி நீளம் இருந்தால் போதும், வளைவில் இன்னும் சிறிதாக. பிறகு கோட்டுக்கு உட்புறமாக ஒட்டி இன்னொரு சுற்று, அதற்குள் மற்றொன்று. இதழின் போக்கிலேயே வரிசைகள் ஓட வேண்டும், குறுக்கே போகக் கூடாது. பட்டு வெளிச்சத்தைத் தான் ஓடும் திசையில் வீசும். வரிசைகள் இதழோடு வளைந்தால் ஒரே வெள்ளை நூலில் ஒரு பக்கம் பால் நிறமும் மறுபக்கம் சாம்பல் நிழலும் தானாக வரும். கையில் சொரசொரப்பு இருந்தால் நூல் பிசிறும். உட்காரும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு ஊசியை எடுக்கலாம். எண்ணெய்க் கறை பட்டில் போகாது, துடைப்பதில் சோம்பல் கூடாது. புதிதாகப் பழகுகிறவருக்குப் பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்தை நிரப்பவே ஒரு சாயங்காலம் போய்விடும்.

பொன் வேண்டுமென்றால் சரிகை இருக்கிறது. சரிகையைத் துணிக்குள் இழுத்தால் உறை உரிந்துவிடும். மேலேயே படுக்க வைத்து, மெல்லிய பட்டு நூலால் இடைவிட்டு இடைவிட்டுக் கட்ட வேண்டும். சயோன் கோப்பைச் செய்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். கட்டும் நூலைப் பின்பக்கமாக இழுத்து, பொன்னிழையைத் துளியூண்டு துணிக்குள் முங்கவைத்து, முன்பக்கம் கட்டே தெரியாமல் செய்தார்கள். முங்கிய ஒவ்வொரு புள்ளியும் கீல் போல மடங்கும், அதனால் பொன்னால் நிரம்பிய துணியும் விறைக்காது. ஆடும் இடுப்பில் தொங்கும் துணிக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஜர்தோசிக் கம்பி, குந்தன், பாசி எல்லாம் ஜாக்கெட்டோடு இருக்கட்டும். முதல் அடியில் சிதறும், இல்லையென்றால் கவசத்தில் மாட்டும்.

கடைசியில் உள்துணி வைத்து, நான்கு ஓரமும் மடித்து, கண்ணுக்குத் தெரியாமல் கைத்தையல். வளையம் வரும் இடத்தில் மட்டும் இரட்டைத் தையல். துண்டின் முழு எடையும் உதறலும் அங்கேதான் விழும்.

துணிக்காகப் பிறந்த ஊர்

இத்தனை நுணுக்கத்தையும் வடசென்னையில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பட்டணமே துணிக்காகப் பிறந்தது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் இடம் வாங்கியது துணி வணிகத்துக்காகத்தான். நெய்த துணியை வெளுத்துத் தந்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டை என்று இன்று நாம் சொல்வது, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த காலெட் பேட்டை. இங்கிருந்து கப்பல் ஏறிய துணியை உடுத்தாத ஊர் ஐரோப்பாவில் குறைவு.

நெய்தவர்கள் பெயரும் வெளுத்தவர்கள் பெயரும் ஊர்ப் பெயர்களில் கொஞ்சமாவது தங்கின. ஊசி பிடித்தவர்கள் பெயர் எங்கும் தங்கவில்லை. இன்றைக்கும் கல்யாண ஆல்பத்தில் ஜாக்கெட் பளிச்சென்று விழுகிறது, போட்டவரின் பெயர் விழுவதில்லை. ஒரு வாரம் குனிந்து உட்கார்ந்த முதுகுவலிக்கான கூலியும் பல நேரம் பேரம் பேசித்தான் வருகிறது. அடையாளப் பட்டு என்ற வழக்கத்தில் மனத்தைத் தொடுவது இதுதான். அங்கே தைத்தவர் யார் என்பதே துணியின் முழு அர்த்தம். கடையில் வாங்கிய துண்டு எத்தனை அழகாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. வீரர் வென்றால் தைத்தவர் பெயரும் சேர்த்துக் கூவப்படும்.

வடசென்னையின் குத்துச்சண்டைக் கூடங்களில் இன்று பெண் பிள்ளைகளும் பயிற்சி எடுக்கிறார்கள். சிலம்பம் சுற்றுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆரி வகுப்புகளுக்கும் குறைவில்லை. மாவட்டப் போட்டிக்குப் போகும் தங்கைக்கு அக்கா ஒரு சாண் பட்டில் தும்பைப் பூ ஒன்று போட்டுத் தர இதற்கு மேல் எந்த ஏற்பாடும் தேவையில்லை. மேடையில் கட்டிக்கொள்ள விதி இடம் தராவிட்டால், பயிற்சிப் பையின் கைப்பிடியில் தொங்கட்டும்.

செய்து முடித்ததும் மிச்ச நூலைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. சின்ன அட்டையில் சுற்றி, நிற எண்ணை மேலே எழுதி, ஊசிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். முதல் போட்டி முடிந்து வரும்போது வளையத்துக்குக் கீழே வலது ஓரத்தில் நாலைந்து தையல் அறுந்திருக்கும். அதே வெள்ளை, அதே முறுக்கு, கடையில் மறுபடி கிடைப்பது கஷ்டம்.